கூண்டுல இருந்து தப்பின பறவை எப்போ ஒரு நாட்டோட பறவை ஆகும்?

லண்டன்ல பச்சைக்கிளி இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல. நம்ம அடையாறுலயும் கிண்டியிலயும் சாயந்தரம் ஆனா கூட்டமா கத்திக்கிட்டு போகுமே, அதே செந்தார்ப் பைங்கிளி இனம்தான். அது இங்க இருந்து அவ்ளோ தூரம் பறந்து போகல, கூண்டுல போச்சு, அங்க தப்பிச்சுது இல்லன்னா யாராவது திறந்து விட்டாங்க, 1970கள்ல இருந்து அங்கயே முட்டை வச்சு குஞ்சு பொரிச்சு பெருகிடுச்சு. மரபணு வச்சு ஆராய்ஞ்சு பாத்ததுல ஐரோப்பாவுல இருக்கற இந்தக் கிளிங்க பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியா பக்கத்துக் கிளிகளோட வம்சம்னு தெரிஞ்சிருக்கு, அங்கல்லாம் குளிர் உண்டுங்கறதால லண்டன் குளிர் அதுக்கு பெரிய விஷயமா இல்ல போல.

1980கள்ல பிரிட்டன் இந்தக் கிளியை தன்னோட அதிகாரப்பூர்வ பறவைப் பட்டியல்ல சேத்துக்கிச்சு. இப்போ அது அங்க பட்டியல்ல இருக்கற பறவை. ஆனா வேளச்சேரியில உங்க பால்கனி கம்பியில வந்து உக்காந்திருக்கற மஞ்சள் பட்ஜி, அதாங்க லவ் பேர்ட்ஸ்னு ஜோடியா வாங்கிட்டு வருவாங்களே, அது இந்தியப் பறவைப் பட்டியல்ல இல்ல. ரெண்டுமே கூண்டுல இருந்து வந்ததுதான். ஒண்ணு உள்ள போச்சு, இன்னொண்ணு வெளிய நிக்குது, இது ஏன், யார் முடிவு பண்றா, எதை வச்சு பண்றாங்கன்னு புதுசா பேர்டிங் ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் கேக்கறாங்க. அதைத்தான் இங்க பொறுமையா பாக்கப் போறோம்.

முதல்ல பட்டியல்னா என்னன்னு தெரிஞ்சுக்கலாம். ஒரு நாட்டு எல்லைக்குள்ள ஆதாரத்தோட பதிவான எல்லா பறவை இனங்களோட லிஸ்ட், அவ்ளோதான். இந்தியாவுக்கு 2016ல பிரவீன் ஜெ., ராஜா ஜெயபால், ஆசீஷ் பிட்டி மூணு பேரும் சேந்து இந்தியன் பேர்ட்ஸ் இதழ்ல ஒரு முழு பட்டியல் வெளியிட்டாங்க, அதுல 1263 இனம். அதுக்கப்புறம் புதுப் பதிவுகள், ஒரு இனத்தை ரெண்டா பிரிக்கறது இதெல்லாம் சேந்து இப்போ 1350ஐ தாண்டிடுச்சு. "நான் பாத்தேன்"னு சும்மா சொன்னா உள்ள போகாது, பழைய காலத்துலன்னா பாடம் பண்ணி வச்ச பறவை உடம்பு, இப்போன்னா போட்டோ, குரல் ரெக்கார்டிங், இல்லன்னா ரொம்ப விவரமான குறிப்பு, இப்படி அடுத்தவங்க சோதிச்சு பாக்கற மாதிரி ஆதாரம் வேணும்.

ஒரு புதுப் பறவை வந்தா முதல் கேள்வி, இது சரியாத்தான் அடையாளம் காணப்பட்டிருக்கா? இதுக்கு நல்ல போட்டோ இருந்தா போதும். ரெண்டாவது கேள்விதான் கஷ்டம், இது எப்படி இங்க வந்துச்சு? தானா பறந்து வழி மாறி வந்துச்சா, இல்ல யார் வீட்டுக் கூண்டுல இருந்தாவது வந்துச்சா? போட்டோவுல பறவை தெரியும், அதோட கதை தெரியாது.

இதுக்கு மாண்டரின் வாத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது. சீனா, ஜப்பான், ரஷ்யாவோட கிழக்குப் பக்கம் இங்கல்லாம் இயற்கையா இருக்கற, கலர் கலரான வாத்து. 2018 அக்டோபர்ல நியூயார்க் சென்ட்ரல் பார்க் குளத்துல ஒரு ஆண் மாண்டரின் வந்து நின்னுது, ஊரே கூடி போட்டோ எடுத்துச்சு, ஆனா கால்ல வளையம் இருந்துச்சு, யாரோ வளத்ததுன்னு தெளிவா தெரிஞ்சதால அது எந்த லிஸ்ட்லயும் ஏறல. 2021 பிப்ரவரியில அசாம்ல தின்சுகியா மாவட்டத்துல மகுரி பீல்ங்கற ஏரியில அதே இனம் ஒண்ணு வந்துச்சு. அங்க கடைசியா பதிவானது 1902ல, அதாவது நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு. அதை வழி தவறி வந்த காட்டுப் பறவையாதான் எடுத்துக்கிட்டாங்க, ஏன்னா வலசை போற காலம், கிழக்காசியாவுல இருந்து வர மத்த வாத்துங்களும் வந்து சேர்ற இடம், பறவையோட இயற்கையான எல்லையும் ரொம்ப தூரம் இல்ல. மூணாவது பிரிட்டன். அங்க பூங்கா குளங்கள்ல வளத்த மாண்டரினுங்க தப்பிச்சு போய் பழைய மரப் பொந்துகள்ல கூடு வச்சு தலைமுறை தலைமுறையா வாழ ஆரம்பிச்சுது, 1971ல பட்டியல்ல சேத்துட்டாங்க, ஆனா "மனுஷன் கொண்டு வந்து நிலைச்சது"ன்னு தனி வகையில. ஒரே வாத்து, மூணு ஊர்ல மூணு தீர்ப்பு. அப்போ பறவை என்ன இனம்ங்கறது மட்டும் போதாது, இந்த இடத்துல அதோட கதை என்னங்கறதும் வேணும்.

அந்த "தனி வகை"யை கொஞ்சம் விரிவா சொல்லியாகணும், ஏன்னா விஷயத்தோட முடிச்சே அங்கதான் இருக்கு. பிரிட்டிஷ் ஆர்னித்தாலஜிஸ்ட்ஸ் யூனியன்னு ஒரு பழைய அமைப்பு, அவங்க பதிவுக் குழுதான் பிரிட்டன் பட்டியலை பராமரிக்குது. அவங்க ஒவ்வொரு பறவைக்கும் ஒரு எழுத்து கொடுப்பாங்க. ஏ-ன்னா 1950ல இருந்து இப்போ வரைக்கும் ஒரு தடவையாவது இயற்கையான நிலையில பதிவானது. பி-ன்னா 1800ல இருந்து 1949 வரைக்கும் மட்டும் பதிவாகி அதுக்கப்புறம் வராதது. சி-ன்னா மனுஷன் மூலமா வந்து, இப்போ யாரும் உதவி பண்ணாமலே தானா பெருகி நிலைச்சது, நம்ம கிளி, மாண்டரின் எல்லாம் இங்க. டி-ன்னா காட்டுப் பறவையா தப்பிச்சதான்னு சந்தேகம் தீராதது. இ-ன்னா தப்பிச்சதுன்னு தெரிஞ்சது, இன்னும் நிலைக்காதது. இதுல ஏ, பி, சி மூணுதான் பிரிட்டன் பட்டியல்னு கணக்கு, டி-யும் இ-யும் பட்டியல்ல சேராது, ஆனா அதையும் எழுதி வைக்கறாங்க. இந்த கடைசி வரிதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, எண்ணிக்கையில சேக்காத பறவைக்கும் நோட்டுல இடம் வச்சிருக்காங்க.

சி-க்குள்ளயே இன்னும் உட்பிரிவு இருக்கு. ஒரு காலத்துல அங்கயே இருந்து அழிஞ்சு, திரும்ப கொண்டு வந்து விட்டு பெருகின ரெட் கைட்ங்கற பருந்து மாதிரி பறவைக்கு ஒண்ணு, நிலைச்சு இருந்து அப்புறம் அத்துப் போனதுக்கு ஒண்ணுன்னு போகுது. ஆரம்பத்துல இதெல்லாம் மனப்பாடம் பண்ணத் தேவையில்ல.

சரி, "நிலைச்சது"ன்னா என்ன? இதுலதான் எல்லா சண்டையும். ஒரு தெருவுல பத்து கிளி சுத்துதுன்னா நிலைச்சதா? அது குஞ்சு பொரிக்குதா, அந்தக் குஞ்சு பெருசாகி அதுவும் குஞ்சு பொரிக்குதா, வருஷா வருஷம் செத்துப் போறதை ஈடுகட்ற அளவுக்கு புதுசு பிறக்குதா, யாரோ தெனமும் தீனி போடறதால மட்டும் உயிரோட இருக்கா, கூண்டுல இருந்து புதுசு புதுசா தப்பிச்சு வந்து சேந்துக்கிட்டே இருக்கறதால கூட்டம் குறையாம தெரியுதா, இதெல்லாம் பாக்கணும். சென்னைக்காரங்களுக்கு இதை புரிய வைக்க வேலிகாத்தானைக் காட்டினாலே போதும். முதல்ல மனுஷன் கொண்டு வந்து விதைச்சதுதான், ஆனா இப்போ அதுக்கு யாரும் தண்ணி ஊத்தல, யாரும் விதை போடல, மெக்ஸிகோ, தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்து தமிழ்நாட்டுல ஏரிக்கரை பூரா நிக்குது. அதுதான் நிலைச்சது. நர்சரியில தொட்டியில வாங்கின செடி அப்படி இல்ல.

பறவையில இன்னொரு சிக்கல் ஆயுசு. பெரிய கிளி இனங்கள் இருபது முப்பது வருஷம் வாழும். ஒரு தடவை இருபது கிளி தப்பிச்சு போய் ஒண்ணு கூட குஞ்சு பொரிக்கலன்னாலும், பத்து வருஷம் கழிச்சு பாக்கறவனுக்கு "ஓ, இங்க கிளிக்கூட்டம் இருக்கு"ன்னுதான் தோணும். அது குடும்பம் இல்ல, வயசாகிக்கிட்டே போற ஒரு கூட்டம் மட்டும்தான். அதனாலதான் அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷன் மாதிரி அமைப்புங்க காலக்கெடு வச்சிருக்காங்க, குறைஞ்சது 15 வருஷம் தொடர்ந்து இருக்கணும், தானா பெருகணும், எண்ணிக்கை தாக்குப் பிடிக்கற அளவுக்கு இருக்கணும், அப்புறம்தான் பேச்சே.

அப்படி அந்த வாசலைத் தாண்டி உள்ள போன ஒரு பறவை நம்ம வயல்காட்டு ஆளு. புள்ளிச் சில்லை. நெத்தியில இருந்து முதுகு வரைக்கும் காபிப் பொடி நிறம், வயிறு பூரா மீன் செதில் மாதிரி கோடு, பெரும்பாக்கம் பக்கம் புல்லுக்காட்டுல கூட்டமா விதை கொத்திக்கிட்டு இருக்கும். இதைப் புடிச்சு கூண்டுப் பறவையா அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க, தெற்கு கலிபோர்னியாவுல தப்பிச்சுது, பூங்காவுலயும் ஓடைக்கரையிலயும் பல்கிப் பெருகிச்சு, 2013ல அவங்க பட்டியல்ல ஏறிடுச்சு. இங்க உள்ளூர், அங்க வெளியூர். ஒரு பறவையை "அந்நியப் பறவை"ன்னு சொல்றது அதோட குணத்தைப் பத்தின பேச்சே இல்ல, அது நிக்கற இடத்தைப் பத்தின பேச்சு.

ஆனா உள்ள போனதெல்லாம் நிரந்தரமா இருக்கும்னு நினைக்காதீங்க. அதே அமெரிக்காவுல ஃப்ளோரிடாவோட மேற்குக் கடற்கரையில ஆஸ்திரேலிய பட்ஜிங்க ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல சுத்திச்சு, வீட்டுக்கு வீடு கூடு பெட்டி வச்சாங்க, எல்லாரும் இனி இது இங்கத்த பறவைதான்னு முடிவு பண்ணிட்டாங்க. 1980களுக்கு அப்புறம் மளமளன்னு குறைஞ்சு 2010கள்ல காணாமலே போயிடுச்சு. கனடாவுல வான்கூவர்ல 1890கள்ல கொண்டைமைனா வந்து, ஆயிரக்கணக்குல பெருகி, நூறு வருஷத்துக்கு மேல இருந்துட்டு 2003ல கடைசி ஜோடியோட முடிஞ்சுது. நூறு வருஷம்! நம்ம கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்து இருக்குன்னு சொல்லக்கூடிய பறவை, அப்பவும் நிலைக்கல. அதனால குழுக்காரங்க அவசரப்படாம இழுத்தடிக்கறாங்கன்னு கோவப்படறவங்களைப் பாத்தா எனக்கு குழு பக்கம்தான் நியாயம் தெரியுது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம், ஏன்னா மெட்ராஸுக்கே இந்த மாதிரி ஒரு கதை இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. ஜாவா சிட்டுன்னு ஒரு பறவை. சாம்பல் உடம்பு, கறுப்புத் தலை, கன்னத்துல பெரிய வெள்ளைத் திட்டு, ரோஸ் கலர்ல தடிச்ச அலகு, பொம்மை மாதிரி இருக்கும், சில்லைகளோட சொந்தம்தான். இந்தோனேசியாவுல ஜாவா, பாலி தீவுங்கதான் அதோட ஊர். கப்பல் வியாபாரத்துல உலகம் பூரா கூண்டுல போச்சு. 19ஆம் நூற்றாண்டுல மெட்ராஸைச் சுத்தி இந்த ஜாவா சிட்டுங்க வெளியில சுதந்திரமா வாழ்ந்ததா பழைய பறவை நூல்கள்ல குறிப்பு இருக்கு. இன்னிக்கு சென்னையில அப்படி ஒரு கூட்டம் கிடையாது. நமக்கு மிஞ்சினது அந்த சில வரிங்க மட்டும்தான்.

இதுல என்னை ரொம்ப சங்கடப்படுத்தற விஷயம், ஜாவா சிட்டு இப்போ அதோட சொந்த ஊர்லயே அழியற நிலையில இருக்கு. கூண்டு வியாபாரத்துக்காக பிடிச்சுப் பிடிச்சே தீத்துட்டாங்க, ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல அருகிவரும் இனம். ஆனா ஹவாய் தீவுல, யாரோ 1960கள்ல விட்டதுல இருந்து பெருகி, தெருவுல புல்லு விதை தின்னுட்டு சாதாரணமா சுத்துது. அந்த ஹவாய் கூட்டத்தை "இது அந்நியப் பறவை, எழுதத் தேவையில்ல"ன்னு விட்டிருந்தா, உலகத்துல இந்தப் பறவை எங்கெங்க பிழைச்சிருக்குங்கற கணக்கே ஓட்டையா போயிருக்கும். மெட்ராஸ் கூட்டத்தையும் வருஷா வருஷம் எண்ணி எழுதியிருந்தா, வெப்பமா, கூடு கட்ட இடமா, இரையா எது அதைத் தோக்கடிச்சுதுன்னு இன்னிக்கு நாம உக்காந்து பேசிட்டு இருந்திருக்கலாம்.

சரி, கூண்டு இல்லாம வேற வழியிலயும் போகும். கப்பல். நம்ம வீட்டுக் காக்கா இதுல உலகப் புகழ். துறைமுகத்துல நிக்கற கப்பல்ல ஏறி, சமையல் கழிவைத் தின்னுட்டு, அடுத்த துறைமுகத்துல இறங்கிடும். நெதர்லாந்துல ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்துல 1994ல ரெண்டு காக்கா இப்படி வந்து, 1997ல கூடு கட்ட ஆரம்பிச்சு, சின்னதா ஒரு காலனியே ஆச்சு. மனுஷனே தூக்கிட்டுப் போனதும் உண்டு. சான்சிபார்ல குப்பையைத் தின்னட்டும்னு 1890கள்ல கொண்டு விட்டாங்க. மலேசியாவுல கிள்ளான் பக்கம் காபித் தோட்டத்துல புழு தின்னட்டும்னு அதே காலகட்டத்துல இலங்கையில இருந்து கொண்டு போனாங்க, தோட்ட வேலைக்கு நம்ம ஜனங்களும் அதே கடலைத் தாண்டிட்டு இருந்த காலம் அது. கப்பல்ல வந்த பறவையை இயற்கையா வந்ததுன்னு எடுத்துக்கறதா வேண்டாமான்னு நாட்டுக்கு நாடு விவாதம் இருக்கு. தானா ஏறி தானா இறங்கினா பரவாயில்ல, யாராவது பிடிச்சு அடைச்சு வச்சு தீனி போட்டுக் கொண்டு வந்தா ஒத்துக்க மாட்டோம்ங்கறது பொதுவா சொல்ற கோடு, ஆனா நடுக்கடல்ல மாலுமி சோறு போட்டாரா இல்லையான்னு யார் போய் பாக்கறது.

இங்க பலருக்கு ஒரு குழப்பம் வரும். பட்டியல்ல சேத்துட்டா அந்தப் பறவையை வரவேற்கறோம்னு அர்த்தமா? இல்லவே இல்ல. சென்சஸ் எடுக்க வர்றவர் வீட்டுல எத்தனை பேர்னுதான் கேப்பார், நல்லவரா கெட்டவரான்னு கேக்க மாட்டார், அது மாதிரிதான் இது. கென்யாவுல நம்ம காக்கா பதிவுல இருக்கு, அதே நேரம் உள்ளூர் பறவைங்களோட முட்டையும் குஞ்சும் தின்னு தீக்குதுன்னு 2024ல பத்து லட்சம் காக்காவை ஒழிக்கப் போறதா அந்த நாட்டு வனவிலங்குத் துறை அறிவிச்சுது. பிரிட்டன்ல அமெரிக்க சிவப்பு வாத்துன்னு (ரட்டி டக்) ஒரு இனம், 1950கள்ல ஒரு பறவைப் பண்ணையில இருந்து தப்பிச்சு, 2000 வாக்குல சுமார் 6000 ஆச்சு, பட்டியல்ல சி வகையில பக்காவா இருந்துச்சு. ஆனா அது ஸ்பெயினுக்குப் பறந்து போய் அங்கத்த வெண்தலை வாத்தோட இணை சேந்து கலப்பினம் உண்டாக்க ஆரம்பிச்சுது. 1977ல ஸ்பெயின்ல அந்த வெண்தலை வாத்து வெறும் 22தான் இருந்துச்சு, பாடுபட்டு மேல கொண்டு வந்த இனம், அது கலந்தே காணாம போயிடும்னு பயந்து பிரிட்டன் அரசே தன் பட்டியல்ல இருக்கற சிவப்பு வாத்தை சுட்டுக் குறைச்சுது, இப்போ விரல் விட்டு எண்ணற அளவுதான். பட்டியலும் பாதுகாப்பும் வேற வேற. சொல்லப்போனா, பட்டியல்காரங்க வருஷா வருஷம் ஒழுங்கா எண்ணி வச்சிருந்ததாலதான் ஆபத்தும் நேரத்துக்குத் தெரிஞ்சுது.

உலகத்துலயே மோசமான 100 அந்நிய உயிரினம்னு ஐயூசிஎன் நிபுணர்கள் ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல மூணே மூணு பறவை. அதுல ரெண்டு நம்ம தெருவுல இருக்கு, மைனாவும் செம்புழைக் கொண்டைக்குருவியும். ஆஸ்திரேலியாவுல மைனா மரப் பொந்துகளைப் பிடுங்கிக்குது, பசிபிக் தீவுங்கள்ல கொண்டைக்குருவி பழத்தோட்டத்தை நாசம் பண்ணுது. இங்க ரெண்டும் பாவம், அது பாட்டுக்கு வேலிச்செடியில கூடு கட்டிக்கிட்டு, புழு பொறுக்கிக்கிட்டு இருக்கு, ஏன்னா இங்க அதைச் சாப்பிட வைரி இருக்கு, பாம்பு இருக்கு, காக்கா இருக்கு, போட்டிக்கு ஆயிரம் பேர் இருக்காங்க.

இப்போ சென்னையில என்ன நிலைமை? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுப் பறவைகளை, பச்சைக்கிளி உட்பட, கூண்டுல வளக்கறது குற்றம். ஆனா வெளிநாட்டுப் பறவை வியாபாரம் அமோகம். ஒரு காலத்துல மூர் மார்க்கெட்ல நடந்தது, 1985ல அது எரிஞ்சதுக்கு அப்புறம் பிராட்வே பக்கம் ஞாயித்துக்கிழமை சந்தை, கொளத்தூர் கடைங்க, இப்போ வாட்ஸ்அப் குரூப்னு மாறிடுச்சு. பட்ஜி, காக்கடீல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், ஃபின்ச், கான்யூர், எல்லாம் கிடைக்கும். கூண்டுக் கதவு சரியா சாத்தலன்னா பறந்துடும், புயல் வந்தா கூண்டோட விழும், சிலபேர் பாவம்னு தெரிஞ்சே திறந்து விட்டுடறாங்க, அது உதவின்னு நினைச்சு. பட்ஜிக்கு அது சாவுதான் பெரும்பாலும், மஞ்சளும் வெள்ளையுமா பளிச்சுனு இருக்கறதைப் பாத்த உடனே காக்கா துரத்தும்.

ஆனா எல்லாமே சாகும்னும் சொல்ல முடியாது. பெரிய பச்சைக்கிளின்னு (அலெக்சாண்ட்ரைன் கிளி) நம்ம சாதாரண பச்சைக்கிளியை விட பெருசான வேற ஒரு இனம் இருக்கு, மும்பை, பெங்களூரு மாதிரி ஊர்கள்ல இருக்கற அதோட கூட்டங்கள் கூண்டுல இருந்து வந்ததுன்னு அங்கத்த பேர்டர்ஸ் ரொம்ப நாளா சொல்லிட்டு வராங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, பெரிய பச்சைக்கிளி இந்தியாவோட பறவைதான், அதனால தேசியப் பட்டியலுக்கு இதுல எந்த மாற்றமும் இல்ல, ஆனா அந்த நகரத்துக்கு அது வந்தேறி. அந்தமான்லயும் இப்படித்தான், மைனாவும் சிட்டுக்குருவியும் மயிலும் வெள்ளைக்காரன் காலத்துல கொண்டு போய் விட்டது, நாட்டுப் பட்டியல்ல ஏற்கனவே இருக்கற பறவைங்கதான், தீவுக்கு மட்டும் புதுசு. தேசியப் பட்டியல் மட்டும் பாத்தா இது எதுவுமே கண்ணுல படாது, அதனால மாவட்ட அளவுல, ஏரி அளவுல எழுதி வைக்கற கணக்குதான் இந்த விஷயத்துல உண்மையைச் சொல்லும்னு நான் உறுதியா நம்பறேன்.

நம்ம ஊர்ல அப்படி எழுதி வைக்கற பழக்கம் நல்லாவே இருக்கு. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978ல இருந்து இயங்குது, பொங்கலுக்கு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, பள்ளிக்கரணை, அடையாறு முகத்துவாரம், நன்மங்கலம்னு வாராவாரம் யாராவது போய் ஈபேர்டுங்கற பறவைப் பதிவு இணையதளத்துல லிஸ்ட் போடறாங்க. ஆனா கூண்டுப் பறவையைப் பாத்தா மட்டும் நிறைய பேர் எழுதாம விட்டுடறாங்க, "இது கவுண்ட் ஆகாதே, எதுக்கு"ன்னு. லைஃபர், அதாவது வாழ்க்கையில முதல் தடவையா பாக்கற இனம், அந்த எண்ணிக்கையை ஏத்தணும்ங்கற ஆசையில இப்படி ஆயிடுது. எனக்கு அந்த ஆசை தப்புன்னு தோணல, புதுசா வர்றவங்களை காலையில அஞ்சு மணிக்கு எழுப்பறதே அதுதான். ஆனா எண்ணிக்கையில ஏறாத பறவையை எழுதாம விடறது நாளைக்கு முடிவு எடுக்க வேண்டியவங்க கையை கட்டிப் போடற வேலை. 15 வருஷம் இருந்துச்சான்னு கேக்கறப்போ, முதல் வருஷத்துக் குறிப்பு எங்க இருக்கும்? நீங்க "கவுண்ட் ஆகாது"ன்னு விட்ட அந்த நாள்லதான் அது இருந்திருக்கும்.

ஈபேர்டுலயே 2022ல இருந்து இதுக்கு வழி பண்ணியிருக்காங்க. வந்தேறிப் பறவைகளை மூணா பிரிக்கறாங்க. நேச்சுரலைஸ்டு, அதாவது பல வருஷமா தானா பெருகி நிலைச்சது. புரொவிஷனல், அதாவது குஞ்சு பொரிச்சு சில வருஷமா இருக்கு ஆனா இன்னும் உறுதியா சொல்ல முடியல, இல்லன்னா காட்டுப் பறவையா தப்பிச்சதான்னு ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கறது. எஸ்கேப்பி, அதாவது கூண்டுல இருந்து தப்பிச்சது. முதல் ரெண்டும் உங்க மொத்த எண்ணிக்கையில சேரும், எஸ்கேப்பி சேராது, ஆனா பதிவுல பத்திரமா இருக்கும், யார் வேணா தேடி எடுக்கலாம். வகையை நீங்க யோசிச்சு போட வேண்டியதில்ல, அந்த ஊருக்கு அந்தப் பறவை எந்த வகைன்னு அதுவே காட்டும். உங்க வேலை பாத்ததை ஒழுங்கா போடறது மட்டும்தான்.

ஒழுங்கான்னா என்ன? கால்ல வளையம் இருக்கான்னு பாருங்க, இருந்தா போட்டோவுல தெரியற மாதிரி எடுங்க. வால் நுனி தேஞ்சு, றெக்கை ஓரம் பிஞ்சு இருந்தா கூண்டுக் கம்பியில உரசினதா இருக்கலாம். பட்ஜின்னா நிறம் எழுதுங்க, காட்டு பட்ஜி பச்சையும் மஞ்சளும்தான், நீலம், வெள்ளை, முழு மஞ்சள் எல்லாம் பண்ணையில வளத்த நிறம். ஆள் கிட்டப் போனா பயப்படுதா இல்ல தோள்ல வந்து உக்காருதா, அதையும் போடுங்க, தோள்ல வந்து உக்காந்தா எழுதறதுக்கு முன்னாடி மொதல்ல அக்கம்பக்கத்துல யாரோடதுன்னு விசாரிங்க. தனியா இருந்துச்சா, ஜோடியா, சில்லைக் கூட்டத்தோட கலந்து மேஞ்சுதான்னு எழுதுங்க. பொந்துக்குள்ள போய் வந்துச்சுன்னா அதுதான் தங்கமான தகவல், எந்த மரம், எந்தத் தேதி, உள்ள என்ன கொண்டு போச்சு, குஞ்சு சத்தம் கேட்டுச்சான்னு எழுதுங்க, ஈபேர்டுல இனப்பெருக்கத்தைக் குறிக்கற பிரீடிங் கோட் போட இடம் இருக்கு, தள்ளி நின்னு பாருங்க, மரத்துல ஏறாதீங்க. மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, குக்குறுவான், அணில் எல்லாம் அதே பொந்துக்குத்தான் அடிச்சுக்கும், அதுல யார் ஜெயிச்சாங்கன்னும் பாருங்க.

அடுத்த மாசம் அதே இடத்துக்குப் போய் அந்தப் பறவை இல்லன்னா, இல்லங்கறதையும் ஒரு முழு லிஸ்ட்டா போடுங்க. ஒரு பறவை வந்த தேதியை பாத்த சந்தோஷத்துல யாராவது எழுதிடுவாங்க, போன தேதியை எழுதத்தான் ஆள் இல்ல.